எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரு மரத் திடல்

மலாக்காவில் உள்ள வீடமைப்புப் பகுதி ஒன்றின் சிறுவர் பூங்காவை மாலை வேளையில் சற்று நின்று கவனியுங்கள். சிவப்பு, மஞ்சள், நீல நிறங்களில் நெகிழியால் வார்த்த ஒரு சறுக்குமரம், ஓர் ஏணி, ஒரு சிறு கோபுரம், இரண்டு ஊஞ்சல்கள். பெரும்பாலான பூங்காக்களில் இவ்வளவுதான் இருக்கும். தமிழில் நாம் இன்னும் ‘சறுக்குமரம்’ என்றே சொல்கிறோம். பெயரில் இருக்கும் மரம் இப்போது பொருளில் இல்லை.

நெகிழிக் கருவிகளில் அவற்றைப் பயன்படுத்தக்கூடிய வயதையும் சில இடங்களில் எழுதி வைத்திருப்பார்கள். பன்னிரண்டு வயதோடு அந்தக் கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடும். அப்படியானால் இடைநிலைப்பள்ளியில் பயிலும் நீங்கள் எங்கே போவது? நம் நாட்டின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்ட அனைவரும் சிறாரே. ஐக்கிய நாட்டு அமைப்பு 1989ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சிறார் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வெடுப்பதும் விளையாடுவதும் ஒவ்வொரு சிறாரின் உரிமை என்கிறது. மலேசியா 1995இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. தவழும் குழந்தைக்கும் ஐந்தாம் படிவ மாணவிக்கும் சட்டத்தில் ஒரே உரிமை இருக்கிறது. பூங்காவில்தான் அது இல்லை.

எல்லா வயதினரும் வந்து விளையாடத்தக்க ஒரு திடலை மரத்தால் எப்படி அமைக்கலாம் என்பதை இப்பகுதியில் பார்ப்போம். அதற்கு முதலில், விளையாட்டுக் கருவிகளே இல்லாத காலத்தில் மலாக்காத் தோட்டப்புறங்களில் பிள்ளைகள் எப்படி விளையாடினார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

மலாயாவில் வணிக நோக்கத்திற்காக ரப்பர் மரங்கள் முதன்முதலில் நடப்பட்டது மலாக்காவில்தான். தான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பின்னர் புக்கிட் ஆசாஹானில் இன்னும் பெரிய தோட்டத்தை உருவாக்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில் மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் லயத்து வீடுகளில் குடியேறினர். விடியுமுன் பெற்றோர் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் தூளியில் தூங்கும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு லயத்து வாசல், கோயில் முற்றம், மரங்களுக்கிடையே உள்ள நிழல் எல்லாமே விளையாட்டு இடங்கள்தாம்.

அந்தப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களை எண்ணிப் பாருங்கள். ரப்பர்க் காய் வெயிலில் காய்ந்து ‘பட்’டென்று வெடிக்கும். சிதறும் விதைகளைப் பொறுக்கிக் கோலி ஆடலாம், ஐந்தாங்கல் ஆடலாம், சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி நண்பன் கையில் வைத்து அவனைத் துள்ள வைக்கலாம். ஒரு குச்சி கில்லியாகும், வண்டிச் சக்கரத்தை ஓட்டும் கோலாகும், சிலம்பமாகும். எந்தப் பொருளின் மீதும் ‘என்னை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்’ என்று எழுதியிருக்கவில்லை.

வயதும் அங்கே ஒரு வேலியாக இருந்ததில்லை. பத்து வயது அக்காள் இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டே பாண்டி ஆடுவாள். விதி தெரியாத சின்னப் பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் தோற்றாலும் வென்றாலும் கணக்கில்லை. ஆனால் ஆட்டத்தில் அவனுக்கு ஓர் இடம் உண்டு. இன்றைய பூங்கா வடிவமைப்பாளர்கள் பல வயதினரையும் ஓரிடத்தில் சேர்ப்பது எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அதற்கு நம் பிள்ளைகள் கண்ட தீர்வு இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இதை வெறும் பழம்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லயத்து வாழ்க்கையில் வறுமை இருந்தது. பள்ளியை விட்டுவிட்டுப் பெற்றோருடன் மரம் வெட்டப் போன பிள்ளைகளும் இருந்தார்கள். பிற்காலத்தில் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகரம் எனக் குடும்பங்கள் பெயர்ந்து வந்தபோது நல்ல வீடும் மின்சாரமும் கிடைத்தன. கோயில் முற்றமும் மர நிழலும் உடன் வரவில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் நெகிழிக் கோபுரம் வந்தது.

பெரியவர்கள் அமைத்துத் தரும் பூங்காவைவிடக் கழிவுக் குவியல் பிள்ளைகளை அதிகம் ஈர்ப்பதை டென்மார்க் நாட்டு நிலத்தோட்டக் கலைஞர் சோரன்சன் கண்டுகொண்டார். பல பூங்காக்களை வடிவமைத்தவர் அவர். பிள்ளைகளோ கட்டுமான இடங்களில் கிடக்கும் பலகைத் துண்டுகளையும் செங்கற்களையும் வைத்து விளையாடினார்கள். அந்தப் பொருள்களையே அவர்கள் கையில் கொடுத்தால் என்ன என்று 1931இல் எழுதினார். 1943இல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த காலத்தில், கோப்பன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் அப்படி ஒரு திடல் திறக்கப்பட்டது. பலகை, ஆணி, சுத்தியல், மண்வெட்டி ஆகியவை அங்கே இருந்தன. பொறுப்பான ஒரு பெரியவரும் உடன் இருந்தார். பிள்ளைகள் குடிசை கட்டினார்கள், இடித்தார்கள், மீண்டும் கட்டினார்கள். போர் முடிந்த பின் அதை நேரில் பார்த்த லேடி ஆலன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, குண்டு வீச்சில் சிதைந்த இலண்டனின் வெற்றிடங்களில் அதே போன்ற திடல்கள் உருவாகப் பாடுபட்டார்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் ஆம்ஸ்டர்டாம் நகரில் வேறொரு வழியைக் கண்டார். 1947 முதல் 1978 வரை எழுநூறுக்கும் மேற்பட்ட சிறு விளையாட்டு இடங்களை அவர் வடிவமைத்தார். ஒரு மணல்தொட்டி, தாவிச் செல்லச் சில கட்டைகள், வளைந்த கம்பி ஒன்று, அமரப் பெஞ்சுகள் ஆகியவையே அவருடைய கருவிகள். யானை, ஒட்டகம் போன்ற விலங்கு உருவங்களை அவர் செய்யவில்லை. யானை உருவத்தைச் செய்து வைத்தால் அது நாளையும் யானையாகவே இருக்கும். வெறும் கட்டை என்றால் காலையில் குதிரை, மாலையில் படகு, மறுநாள் கடைக்காரரின் மேசை.

சோரன்சனும் வான் ஐக்கும் சொன்னதை நம் மாநிலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். மலாக்கா ஆற்றங்கரையில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1511இல் மலாக்காவிலிருந்து கொள்ளைப் பொருளோடு புறப்பட்டுச் சுமத்திராவுக்கு அருகே மூழ்கிய ‘புளோர் டி லா மார்’ என்னும் போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி அது. மலாக்காவில் விளையாட்டுத் திடல் அமைக்கச் சொன்னால் பலருக்கும் முதலில் தோன்றுவது கப்பல்தான். தவறில்லை. எந்த அளவுக்குச் செய்வது என்பதுதான் கேள்வி. சுக்கான், பீரங்கி, கொடி, பெயர்ப்பலகை என்று எல்லாவற்றையும் செய்து வைத்துவிட்டால் பிள்ளைகள் செய்ய எதுவும் மிஞ்சாது. முதல் வாரம் ஏறி விளையாடுவார்கள். அடுத்த மாதம் அது ஒரு நிழற்படப் பின்னணி மட்டுமே.

மாறாக, தரையிலிருந்து சற்றே சாய்ந்து எழும் ஒரு மரத்தளம், அதன் நடுவில் உயரமான ஒற்றைக் கம்பம், ஒரு பக்கம் ஏற வலை, மறுபக்கம் தொங்கும் கயிறு என்று அமைத்துப் பாருங்கள். கப்பல் என்று நினைப்பவருக்கு அது கப்பல். வேறொருவருக்கு லயத்து வீட்டுத் திண்ணை. நாடகம் போடுபவருக்கு மேடை. படிக்கப் புத்தகம் கொண்டுவந்தவருக்குச் சாய்ந்துகொள்ள ஓர் இடம். ஒரே தளம் நான்கு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் பயன்படுவது அது பாதியில் நிறுத்தப்பட்டதால்தான்.

எல்லா வயதினருக்கும் ஏற்றவாறு அமைப்பதென்றால் வயதுவாரியாக வேலி போட்டுப் பிரிப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே கட்டமைப்பில் பல நிலைச் சவால்களை வைப்பதே நல்ல வழி. மேல்தளத்துக்குப் போக ஒரு சாய்தளமும், ஒரு படிக்கட்டும், கைப்பிடிகள் தள்ளித்தள்ளிப் பதித்த ஒரு செங்குத்துச் சுவரும் இருக்கட்டும். சிறியவர் படியில் ஏறுவார். வளர்ந்தவர் சுவரில் ஏறுவார். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை சாய்தளத்தில் வரும். மூவரும் சேர்வது ஒரே இடத்தில். சாய்தளம் ஒரு மீட்டர் உயர்வதற்குக் குறைந்தது பன்னிரண்டு மீட்டர் நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் நாற்காலியைத் தானே உருட்டி ஏறுவது கடினம்.

பதின்ம வயதுப் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு, ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண்பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைவதைக் கண்டறிந்தது. பூங்காவின் நடுவே ஒரே ஒரு பந்துத் திடல் இருக்கும். அதைப் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள். பெண்கள் ஒதுங்கிப் பின் வராமலே போய்விடுவார்கள். நகராட்சி சில பூங்காக்களைத் திருத்தியமைத்தது. பெரிய வெளியைச் சிறு சிறு வெளிகளாகப் பிரித்தது. கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் கொடுத்தது. பலர் கூடி அமரத் தளங்களை அமைத்தது. பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் ஊர்த் திடல்களில் மாலை நேரத்தில் யார் ஆடுகிறார்கள், யார் வேலியோரம் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வியன்னா அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது தெரியும். ஆறு பேர் எதிரெதிராக அமரக்கூடிய ஓர் அகலமான மர ஊஞ்சல், கூரை போட்ட ஒரு திண்ணை ஆகியவை பெரிய செலவு வைக்காதவை. பேசிக்கொண்டிருப்பதும் அந்த வயதில் விளையாட்டுத்தான்.

சரி, எந்த மரம்? தோட்டப்புறப் பின்னணி உள்ளவர்கள் உடனே ரப்பர் மரத்தைச் சொல்வார்கள். ரப்பர் மரம் ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்த பின் வெட்டப்படுகிறது. ஒரு காலத்தில் விறகாகப் போன அது, இன்று மலேசிய மரத்தளவாடத் தொழிலின் முதன்மையான மூலப்பொருள். நமக்கு அருகிலுள்ள மூவார், தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். ஆனாலும் மழையில் நனையும் இடத்துக்கு ரப்பர் மரம் ஏற்றதன்று. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. பூஞ்சையும் துளைப்பான் வண்டுகளும் விரைவில் தாக்கும். இதைத் தடுக்கப் போரான் உப்புக் கரைசலை ஊட்டுகிறார்கள். அந்த உப்பு மழைநீரில் கரைந்து வெளியேறிவிடும். எனவே கூரைக்குக் கீழேதான் அது பாதுகாப்பு.

அதற்காக ரப்பர் மரத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு நல்ல திடலில் நிலையாக நிற்கும் பொருள்களோடு எடுத்து நகர்த்தக்கூடிய பொருள்களும் வேண்டும். பிள்ளைகளின் கற்பனையைத் தூண்டுவதில் பிரிந்து கிடக்கும் உதிரிப் பொருள்களுக்கு உள்ள இடத்தைச் சைமன் நிக்கல்சன் என்னும் கலைஞர் 1971இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இழைத்து விளிம்பு மழுங்கச் செய்த ரப்பர் மரக் கட்டைகள், பலகைகள், உருளைகள் ஆகியவற்றை ஒரு கொட்டகையில் வைத்து, விளையாடும்போது வெளியே எடுத்து, முடிந்ததும் உள்ளே அடுக்கலாம். ரப்பர் விதையைப் பொறுக்கி ஆடிய பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் ரப்பர் மரக் கட்டையை அடுக்கி ஆடுவார்கள்.

வெளியில் நிற்கும் தூண்களுக்குச் செங்கால், பாலாவ் போன்ற கடின மரங்கள் ஏற்றவை. மலாய் வீடுகளையும் படகுகளையும் தாங்கிய மரம் செங்கால். கரையானையும் ஈரத்தையும் நீண்டகாலம் எதிர்த்து நிற்கும். இன்று அது காடுகளில் அரிதாகிவிட்டது. விலையும் மிக அதிகம். ஆகவே அதைத் தூணுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிந்தால் இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவது சிக்கனம். பழைய மரம் என்றதும் தொடர்வண்டிப் பாதைக் கட்டைகளையும் மின்கம்பங்களையும் தூக்கி வந்துவிடக் கூடாது. அவற்றில் பலவற்றுக்குத் தார் எண்ணெய் அல்லது ஆர்சனிக் கலந்த மருந்து ஊட்டியிருப்பார்கள். வீடுகளுக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் உரிய மரத்துக்கு ஆர்சனிக் ஊட்டுவதை அமெரிக்கா 2003ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திக்கொண்டது. ஒரு மரத்தின் வரலாறு தெரியாவிட்டால், பிள்ளைகள் கைபடும் இடத்தில் அதை வைக்க வேண்டாம்.

நம் தட்பவெப்பத்தில் மரத்துக்கு எதிரி வெயிலைவிடத் தேங்கும் நீர்தான். தூணை மண்ணில் நேரே புதைத்தால், மண் மட்டத்தில்தான் முதலில் உளுக்கும். மேலே பார்ப்பவருக்கு அது தெரியாது. சிமெண்டு அடித்தளத்தில் துருப்பிடிக்காத இரும்புப் பாதத்தைப் பதித்து, தூணின் அடி தரையைத் தொடாமல் அதன்மேல் நிறுத்த வேண்டும். தமிழர் தச்சு வேலையிலும் மலாய் வீட்டு வேலையிலும் மரத்தூணைக் கல்லின்மேல் நிறுத்தியது இதே காரணத்துக்காகத்தான். தூணின் உச்சியைச் சரிவாகச் சீவி மூடி போட வேண்டும். தளப் பலகைகளுக்கிடையே சிறு இடைவெளி விட்டால் நீர் வடியும்; காற்று உலவும்.

பாதுகாப்பு என்றால் ஆபத்தே இல்லாமல் செய்வது என்று பொருளன்று. சற்று உயரத்தில் ஏறி, கால் நடுங்கி, பின் இறங்கத் தெரிந்துகொள்வதும் விளையாட்டின் பகுதியே. பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை அது எடை போட முடியும். கண்ணுக்குத் தெரியாததை வடிவமைப்பவர்தான் நீக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டு கம்பிகளுக்கு இடைப்பட்ட வெளி. அது 9 சென்டிமீட்டரைவிடச் சற்று அதிகமாக இருந்தால், சிறு பிள்ளையின் உடல் கால்வழியே நுழைந்து தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஐரோப்பியத் தர அளவுகளின்படி இத்தகைய இடைவெளி 89 மில்லிமீட்டருக்குக் குறைவாகவோ 230 மில்லிமீட்டருக்கு மேலாகவோ இருக்க வேண்டும். விழக்கூடிய உயரம் மூன்று மீட்டரைத் தாண்டக் கூடாது. கீழே சிமெண்டு கூடாது. ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணலோ மரச்சில்லுகளோ பரப்ப வேண்டும். மணலில் சக்கர நாற்காலி புதையும் என்பதால் சாய்தளம் வரை கெட்டியான ஒரு பாதையும் வேண்டும். நம் நாட்டிலும் விளையாட்டுக் கருவிகளுக்கென எம்.எஸ். 966 என்னும் தர அளவு உண்டு. திடல் அமைப்போர் அதைத் தச்சரோடு அமர்ந்து படிக்க வேண்டும்.

செலவைக் குறைக்கப் பழைய டயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் பூஜா ராய் என்பவர் கட்டடக்கலை மாணவியாக இருந்தபோது தொடங்கிய முயற்சி, ‘ஆண்ட்ஹில் கிரியேஷன்ஸ்’ என்னும் அமைப்பாக வளர்ந்து, பழைய டயர்களைக் கொண்டு பல ஊர்களில் விளையாட்டு இடங்களை அமைத்திருக்கிறது. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டயர் அந்நியமானதன்று. ஆனால் நம் ஊரில் ஒன்றை மறக்கக் கூடாது. டயருக்குள் தேங்கும் ஒரு கைப்பிடி மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். ஒவ்வொரு டயரின் அடிப்பக்கத்திலும் நீர் வடியத் துளைகள் இட வேண்டும். அவை மண்ணால் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிழலுக்கு என்ன மரம் நடலாம்? அங்சானா விரைவில் வளர்ந்து நன்கு நிழல் தரும். அதோடு ஓரத்தில் ஒரு நெல்லியும் இருக்கட்டும். பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது சிறு சருகுமான் ஒன்று வேட்டை நாயை எதிர்த்து உதைத்ததாகவும், அம்மரத்தின் பெயரையே இடத்துக்குச் சூட்டியதாகவும் கதை உண்டல்லவா? அந்த மலாக்கா மரம் நம் நெல்லிமரம்தான். அதன் இலை சிறியது, நிழலும் மெல்லியது. ஆனால் காய்க்கும் காலத்தில் உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு எல்லா வயதினரும் வந்துவிடுவார்கள்.

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. வளாகத்தில் இடம் உள்ள பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு இத்தகைய திடலைச் சிறிய அளவில் தொடங்க முடியும். பள்ளிக்கு வெளியே என்றால் அந்தந்த ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவை. வரைபடம் போடுமுன் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். ‘என்ன கருவி வேண்டும்?’ என்று கேட்டால் பார்த்துப் பழகிய சறுக்குமரத்தையும் ஊஞ்சலையுமே சொல்வார்கள். ‘யாரும் பார்க்காதபோது எங்கே போய் விளையாடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்புறம், கால்வாய்ப் பாலத்துக்குக் கீழே, கோயில் தேர் நிற்கும் கொட்டகை என்று பதில் வரும். ஒளிந்துகொள்ள ஓர் இடம், உயரத்திலிருந்து பார்க்க ஓர் இடம், நீரும் மண்ணும் கலக்க ஓர் இடம் என்று அந்தப் பதில்களிலிருந்தே வரைபடம் பிறக்கும்.

திடல் திறக்கப்பட்ட பிறகும் வேலை இருக்கிறது; அதில் மூத்த மாணவர்களுக்குப் பங்கு உண்டு. மாதம் ஒருமுறை இருவர் ஒரு திருப்புளியோடும் குறிப்பேட்டோடும் சுற்றி வரலாம். தூணின் அடியில் திருப்புளி முனையை அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உளுத்த மரத்தில் முனை இறங்கிவிடும். கையால் தடவினால் சிராய் குத்துகிறதா, கயிறு நைந்திருக்கிறதா, திருகாணி தளர்ந்திருக்கிறதா, டயர்த் துளை அடைத்திருக்கிறதா, தளத்துக்கடியில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்துத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். திருப்புளி இறங்கிய தூண் எதுவானாலும் அன்றே கயிறு கட்டி அப்பகுதியை மூடிவிட்டுப் பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்; தச்சர் வருவது அடுத்த வாரமாக இருந்தாலும் சரி.